ஏழு சீட் இருந்தால் ஏழு பேர் வசதியாகப் போகலாமா? குடும்ப எஸ்யுவியின் உள்ளிடத்தை அளப்பது எப்படி?

'செவன் சீட்டர்' என்று கேட்டதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டதுபோல் தோன்றும். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் ஒரே காரில். தீபாவளிக்குப் பினாங்கு போக இரண்டு கார் எடுக்க வேண்டாம். டோல், பெட்ரோல் எல்லாம் ஒரு காருக்குத்தான்.

ஆனால் சீட்டின் எண்ணிக்கை வேறு, இடம் வேறு. ஏழு சீட்டும் ஏழு பெல்ட்டும் இருந்தால் சட்டப்படி ஏழு பேர் போகலாம். அந்த ஏழு பேரும் 350 கிலோமீட்டர் தூரம் கால் மரத்துப்போகாமல் உட்கார முடியுமா? அதை அந்த எண் சொல்லாது.

மலேசியாவில் கார்க் கடனை ஒன்பது ஆண்டுகள் வரை கட்டலாம். ஷோரூமில் பத்து நிமிடத்தில் எடுக்கும் முடிவோடு ஒன்பது ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கும். அதிலும் கஷ்டப்படப்போவது கடனில் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. அவர் ஓட்டுநர் இருக்கையில் நன்றாகத்தான் உட்கார்ந்திருப்பார். கடைசி வரிசையில் இருப்பவர்தான் பாவம்.

ஆகவே, குடும்ப எஸ்யுவிகளை ஒப்பிடும்போது எதை, எப்படிப் பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் வீல்பேஸ்

காரின் மொத்த நீளம் பம்பரிலிருந்து பம்பர் வரை. வீல்பேஸ் என்பது முன்சக்கரத்தின் மையத்திலிருந்து பின்சக்கரத்தின் மையம் வரை உள்ள தூரம். நாம் உட்காரும் இடத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு சக்கரங்களுக்கு இடையில்தான் இருக்கிறது. அதனால் கால் வைக்கும் இடத்தைப் பற்றி மொத்த நீளத்தைவிட வீல்பேஸ்தான் அதிகம் சொல்லும்.

மலேசியச் சாலைகளில் நாம் அடிக்கடி பார்க்கும் சில கார்களின் அளவுகள் இவை. எல்லாம் மில்லிமீட்டரில்:

- புரோட்டோன் எக்ஸ்70: 2 வரிசை, 5 இருக்கை. நீளம் 4,519, அகலம் 1,831, வீல்பேஸ் 2,670
- பெரோடுவா அரூஸ்: 3 வரிசை, 7 இருக்கை. நீளம் 4,435, அகலம் 1,695, வீல்பேஸ் 2,685
- பெரோடுவா அல்ஸா, 2022இல் வந்த மாடல்: 3 வரிசை, 7 இருக்கை. நீளம் 4,425, அகலம் 1,730, வீல்பேஸ் 2,750
- புரோட்டோன் எக்ஸ்90: 3 வரிசை, 6 அல்லது 7 இருக்கை. நீளம் 4,830, அகலம் 1,900, வீல்பேஸ் 2,805
- மஸ்டா சிஎக்ஸ்-8: 3 வரிசை, 6 அல்லது 7 இருக்கை. நீளம் 4,900, அகலம் 1,840, வீல்பேஸ் 2,930

முதல் இரண்டையும் கவனியுங்கள். எக்ஸ்70க்கும் அரூஸுக்கும் வீல்பேஸில் உள்ள வித்தியாசம் 15 மில்லிமீட்டர்தான். ஒரு விரல் அகலம். ஆனால் எக்ஸ்70 அந்த இடத்தை இரண்டு வரிசைக்குக் கொடுக்கிறது. அரூஸ் மூன்று வரிசைக்குப் பிரித்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு ரொட்டிச் சானாயை இரண்டு பேர் சாப்பிடுவதற்கும் மூன்று பேர் சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

இதனால் எக்ஸ்70 நல்ல கார், அரூஸ் மோசமான கார் என்று அர்த்தமில்லை. ஐந்து பேருக்கு மேல் போனால் எக்ஸ்70இல் இடமே கிடையாது. இரண்டு கார்களும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. உங்கள் வீட்டுக் கேள்வி எது என்பதுதான் முக்கியம்.

வீல்பேஸிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முன்சக்கரத்துக்குப் பின்னால் இன்ஜினும் டாஷ்போர்டும் எவ்வளவு தூரம் நீள்கின்றன என்பதைப் பொறுத்து உள்ளே மிஞ்சும் இடம் மாறும். சிஎக்ஸ்-8இன் வீல்பேஸ் எக்ஸ்90ஐவிட 125 மில்லிமீட்டர் அதிகம். ஆனால் அந்த 125உம் அப்படியே உங்கள் முழங்காலுக்கு வந்துசேரும் என்று சொல்ல முடியாது. அகலத்தில் எக்ஸ்90 60 மில்லிமீட்டர் கூடுதல். மூன்று பேர் தோளோடு தோள் உரசி உட்காரும்போது அந்த 60 தெரியும்.

எஸ்யுவியா, எம்பிவியா?

பட்டியலில் அல்ஸா எஸ்யுவி இல்லை, அது எம்பிவி. தெரிந்தேதான் சேர்த்திருக்கிறோம்.

அரூஸும் அல்ஸாவும் ஒரே நிறுவனத்தின் ஏழு இருக்கை கார்கள். நீளத்தில் அல்ஸா 10 மில்லிமீட்டர் குறைவு. ஆனால் வீல்பேஸில் 65 மில்லிமீட்டர் அதிகம். எப்படி?

அடியில் இருப்பதைப் பார்த்தால் புரியும். அரூஸ் பின்சக்கரத்தால் ஓடும் கார். முன்னால் இருக்கும் இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோக ஒரு நீளமான தண்டு காரின் அடியில் ஓடுகிறது. பின்பக்கம் கனமான அச்சு இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் தரைக்குக் கீழே இடம் வேண்டும். அல்ஸா முன்சக்கரத்தால் ஓடுகிறது. அந்தத் தண்டே கிடையாது. அதனால் தளத்தைத் தாழ்வாக அமைக்க முடிகிறது.

சரி, அப்படியென்றால் எஸ்யுவி எதற்கு? அரூஸ் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. தோட்டத்து மண்சாலை, கம்பத்துக் குழிகள், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் பாதை இவற்றில் அந்த உயரம் உதவும். அந்த உயரத்துக்கான விலையை உள்ளிடத்தில் கொடுக்கிறோம். உங்கள் கார் தினமும் போவது தாமானிலிருந்து அலுவலகத்துக்கும் வார இறுதியில் பத்துமலைக்கும்தான் என்றால், அந்த உயரம் உண்மையிலேயே வேண்டுமா என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத் தாளில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது?

சில நிறுவனங்கள் 'லெக்ரூம்' என்று ஓர் எண் கொடுக்கும். 'அவ்வளவு தூரம் காலை நீட்டலாம்போல' என்று நினைத்துவிடாதீர்கள்.

அமெரிக்க வாகனப் பொறியாளர்களின் அளவுமுறைப்படி, இருக்கையில் ஒரு பொம்மையை உட்கார வைப்பார்கள். அதன் கணுக்காலிலிருந்து இடுப்பு மூட்டு வரை அளந்து, அத்துடன் 254 மில்லிமீட்டரைக் கூட்டுவார்கள். அதுதான் லெக்ரூம். தலைக்கு மேலே உள்ள இடத்தையும் இடுப்பு மூட்டிலிருந்து கூரை வரை, சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்த கோட்டில் அளந்து, 102 மில்லிமீட்டர் கூட்டிச் சொல்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பின்வரிசையின் லெக்ரூம், முன்சீட் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறும். இரண்டாம் வரிசை முன்னும் பின்னும் நகரும் வகையாக இருந்தால், அதைப் பின்னால் தள்ளியபோது இரண்டாம் வரிசை தாராளமாகத் தெரியும். முன்னால் தள்ளியபோது மூன்றாம் வரிசை தாராளமாகத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

எல்லா நிறுவனங்களும் இந்த எண்களை வெளியிடுவதும் இல்லை. ஆகவே, உங்கள் கையில் இருக்க வேண்டியது ஒரு சாதாரண அளவுநாடா. எந்த எஸ்யுவியாக இருந்தாலும் ஒரே முறையில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

சீட் சுகமா இல்லையா? தொடையைக் கேளுங்கள்

ஷோரூமில் சீட்டைக் கையால் அமுக்கிப் பார்ப்போம். 'அட, மெத்து மெத்துனு இருக்கே!' ஆனால் மிருதுவாக இருப்பது வேறு, தாங்குவது வேறு. ரொம்ப மிருதுவான பஞ்சில் ஐந்து நிமிடம் சொர்க்கம். இரண்டு மணி நேரத்தில் உடம்பு அமிழ்ந்து, இடுப்பு வலிக்க ஆரம்பிக்கும்.

சீட்டில் பார்க்க வேண்டியவை நான்கு:

- தொடை: உட்கார்ந்ததும் தொடை முழுவதும் சீட்டில் படிய வேண்டும். சீட் தாழ்வாகவும் கால் வைக்கும் தளம் உயரமாகவும் இருந்தால் முழங்கால் மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது உடம்பின் பாரம் முழுவதும் பிட்டத்து எலும்பில் இறங்கும். மூன்றாம் வரிசையில் அரை மணி நேரத்தில் வலி வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.
- முதுகு: சாய்வை மாற்ற முடியுமா? கீழ்முதுகுக்குப் பின்னால் வெற்றிடம் விழுகிறதா?
- தலை: தலைதாங்கி உங்கள் தலையின் நடுப்பகுதி உயரத்துக்கு வர வேண்டும். கழுத்தோடு நின்றுவிட்டால், பின்னாலிருந்து ஒரு கார் மோதும்போது அது உங்களைக் காப்பாற்றாது.
- நடு சீட்: இரண்டாம் வரிசையின் நடுவில் கை வைக்கும் மடிப்புப் பலகை ஒளிந்திருக்கும். அதனால் அந்த இடம் பெரும்பாலும் குறுகலாகவும் கெட்டியாகவும் இருக்கும். குடும்பத்தில் யார் அங்கே உட்காரப்போகிறாரோ அவரையே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தோல் சீட் பார்க்க அழகு. சிந்திய மைலோவைத் துடைப்பதும் சுலபம். ஆனால் நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் தொடை சுடும். துணி சீட் அவ்வளவு சுடாது, ஆனால் கறை போகாது. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

பெரிய கண்ணாடிக் கூரை இருந்தால் அதற்கான சட்டம் தலைக்கு மேல் கொஞ்சம் இடத்தைச் சாப்பிட்டுவிடும். உயரமானவர்கள் கூரை உள்ள ரகத்திலும் இல்லாத ரகத்திலும் தனித்தனியாக உட்கார்ந்து பாருங்கள்.

மூன்றாம் வரிசையில் வாந்தி வருவது ஏன்?

பாயிலின் பின்பக்கம் உட்கார்ந்தால் தூக்கித் தூக்கிப் போடும் இல்லையா? காரிலும் அதே கதைதான். இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் இருப்பவருக்கு ஆட்டம் குறைவு. மூன்றாம் வரிசை பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு மேலேயோ அதை ஒட்டியோ இருக்கும். சாலையில் ஒவ்வொரு மேடும் அங்கே நேராக வந்து இடிக்கும்.

அத்துடன் ஜன்னல் சிறிது. முன்னால் இரண்டு வரிசைத் தலைகள். சாலை கண்ணில் படாது. கண் 'அசையவில்லை' என்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'அசைகிறோம்' என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டல். தாப்பாவிலிருந்து கேமரன்மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலையில் பின்வரிசையில் போனவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

எனவே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து இவற்றைப் பாருங்கள்:

- அந்த வரிசைக்கென்று ஏசி காற்று வருகிறதா? முன்னால் இருப்பவர் குளிரில் நடுங்க, பின்னால் இருப்பவர் வேர்த்துக் கொட்டினால் சண்டைதான்.
- பக்கவாட்டில் விரியும் திரை ஏர்பேக் மூன்றாம் வரிசை வரை வருகிறதா? விற்பனையாளரிடம் நேராகக் கேளுங்கள். 'ஆறு ஏர்பேக்' என்ற எண் இதற்குப் பதில் இல்லை.
- பின்கதவுக் கண்ணாடிக்கும் தலைக்கும் எவ்வளவு இடைவெளி?

குழந்தை சீட்டை வைத்த பிறகு என்ன ஆகும்?

இளம் பெற்றோர் பலர் கார் வாங்கிய பிறகுதான் இந்தச் சிக்கலைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மலேசியாவில் பின்சீட்டில் இருப்பவர்கள் சீட் பெல்ட் அணிவது 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம். குழந்தைகளுக்குத் தனி இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். ஆக, 'மடியில் வைத்துக்கலாம்' என்ற கணக்கு இனி செல்லாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம் வேண்டும்.

பல ஏழு இருக்கை கார்களில் மூன்றாம் வரிசைக்குப் போக, இரண்டாம் வரிசையின் ஒரு சீட்டை மடித்துக் கவிழ்க்க வேண்டும். அந்த சீட்டில் குழந்தை இருக்கையைப் பூட்டிவிட்டால்? அதை மடிக்க முடியாது. மூன்றாம் வரிசைக்குப் போகும் வழியே அடைபட்டுவிடும். இரண்டு பக்கமும் குழந்தை இருக்கை என்றால், ஏழு இருக்கை கார் நடைமுறையில் நாலு இருக்கை கார்தான்.

மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, நடைபாதை ஓரமாக உள்ள இடப்பக்க சீட்டைக் காலியாக விட்டு, குழந்தை இருக்கையை ஓட்டுநருக்குப் பின்னால் பூட்டுவது. இடப்பக்கம் மடிகிற பகுதி பெரியதா சிறியதா என்பதையும் பாருங்கள். 60:40 என்று பிரிந்த சீட்டில் பெரிய பகுதி இடப்பக்கம் இருந்தால், நடு சீட்டும் சேர்ந்து மடியும்.

இரண்டாவது, ஆறு இருக்கை ரகம். எக்ஸ்90இன் உயர் ரகத்தில் இருப்பதுபோல் இரண்டாம் வரிசையில் தனித்தனியாக இரண்டு சீட். நடுவில் உள்ள இடைவெளி வழியாகப் பின்னால் போகலாம். ஒரு சீட் போகிறது, வழி கிடைக்கிறது.

மூன்றாவது, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளை மூன்றாம் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, சிறு குழந்தையைக் கடைசியாக ஏற்றுவது. தினமும் பள்ளிக்கூட வாசலில் இதைச் செய்ய முடியுமா என்று யோசியுங்கள்.

ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் எந்தெந்த சீட்டில் இருக்கின்றன என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாம் வரிசையின் இரண்டு ஓரங்களில்தான் இருக்கும்.

பாட்டி எங்கே உட்காருவாங்க?

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு எஸ்யுவி ஒரு விதத்தில் நல்லது. தாழ்வான காரில் ஏற உடம்பை மடக்கிக் குனிய வேண்டும், இறங்கும்போது எழும்ப வேண்டும். சீட் இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால், உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொண்டால் போதும்.

ஆனால் கார் ரொம்ப உயரமாகிவிட்டால் கதை தலைகீழ். சேலை கட்டியவர் காலை எவ்வளவு உயரம் தூக்க முடியும்? கதவின் ஓரம் அகலமாக இருந்தால் அதைத் தாண்டியும் கால் வைக்க வேண்டும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா?

மூன்றாம் வரிசை பெரியவர்களுக்கான இடம் இல்லை. அங்கே போவதற்குக் குனிந்து, திரும்பி, ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஆகவே பாட்டிக்கு இரண்டாம் வரிசையில் ஓர் இடத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதியைக் கணக்குப் போடுங்கள்.

ஏழு பேரும் ஏறிய பிறகு பைகள் எங்கே?

பூட் கொள்ளளவை லிட்டரில் சொல்வார்கள். ஜெர்மானிய அளவுமுறையில் 200 x 100 x 50 மில்லிமீட்டர் கொண்ட சிறு கட்டைகளை அடுக்கி எண்ணுவார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். எத்தனை லிட்டர் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கும்போதா, மடிந்திருக்கும்போதா? ஜன்னல் மட்டம் வரையா, கூரை வரையா? இவற்றைப் பொறுத்து எண் பல மடங்கு மாறும்.

மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கும்போது பல கார்களில் சில பைகளுக்கு மட்டுமே இடமிருக்கும். பைகளைத் தலைதாங்கிக்கு மேலே அடுக்கக் கூடாது. திடீரென்று பிரேக் போட்டால் அவை பின்வரிசையில் இருப்பவரின் தலையில்தான் விழும். எல்லாரும் ஏறும் நாளில் டயர் காற்றும் கூடுதலாக வேண்டும். முழுச் சுமைக்கான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும்.

ஷோரூமில் செய்ய வேண்டியவை

தனியாகப் போகாதீர்கள். குடும்பத்தோடு போங்கள். அளவுநாடா, குழந்தை இருக்கை, தள்ளுவண்டி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. வீட்டில் உயரமானவர் ஓட்டும் நிலைக்கு முன்சீட்டை வையுங்கள். அதன் பின்னால் இரண்டாவது உயரமானவர் உட்காரட்டும். அவர் முழங்காலுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் ஒரு கைமுஷ்டி நுழைய வேண்டும்.
2. அதை மாற்றாமல், மூன்றாம் வரிசையில் இன்னொருவர் உட்காரட்டும். முழங்கால் இடைவெளி, தலைக்கு மேல் இடைவெளி, தளத்திலிருந்து சீட் விளிம்பின் உயரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள்.
3. குழந்தை இருக்கையைப் பூட்டிவிட்டு, மூன்றாம் வரிசைக்குப் போய் வர முயன்று பாருங்கள்.
4. பெரியவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். உதவி செய்யாமல் பாருங்கள்.
5. மூன்றாம் வரிசையை நிமிர்த்திவிட்டுத் தள்ளுவண்டியை பூட்டில் வையுங்கள். கதவு மூடுகிறதா?
6. டெஸ்ட் டிரைவின்போது நீங்கள் ஓட்டினால் போதாது. பாதித் தூரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாருங்கள்.

'ஓகே லா, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்று யாராவது சொன்னால், அவர் எந்த சீட்டில் உட்காரப்போகிறார் என்று கேளுங்கள்.

கடைசியில், யாருக்கு எது?

வீட்டில் நான்கைந்து பேர், கூட ஆள் வருவது ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவைதான் என்றால், விசாலமான ஐந்து இருக்கை எஸ்யுவி போதும். தினமும் அனுபவிக்கும் இடத்தை, எப்போதாவது திறக்கும் மூன்றாம் வரிசைக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பிள்ளைகள் மூன்றாம் வரிசையில் உட்காரும் வயது, பயணம் பெரும்பாலும் குறுகிய தூரம் என்றால், சிறிய ஏழு இருக்கை எஸ்யுவி சரிப்படும்.

பெரியவர்கள் ஆறேழு பேர் வாரந்தோறும் ஒன்றாகப் போகிறீர்கள் என்றால், வீல்பேஸ் நீளமான எஸ்யுவியைப் பாருங்கள். அந்த விலை கட்டுப்படியாகாவிட்டால் எம்பிவியையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். அது எஸ்யுவிபோல் கம்பீரமாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கம்பீரம் வெளியில் நின்று பார்ப்பவருக்குத்தான். உள்ளே இருப்பவருக்குத் தேவை கால் வைக்க இடம்.